டிக்கிக்குள் ஒரு மாடி

எஸ்.யு.வி.யின் டிக்கி எவ்வளவு பெரியது என்று கேட்டால் லிட்டரில் பதில் வரும். ஹூண்டாய் கிரேட்டாவுக்கு 433, பழைய ரெனால்ட் டஸ்டருக்கு 475. இரண்டும் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் செய்யப்பட்ட வண்டிகள். புதுச்சேரித் தெருக்களில் இரண்டையும் தாராளமாகப் பார்க்கலாம். அந்த எண்ணில் பொய் இல்லை. ஆனால் அது வெறும் கனஅளவு. சாமான் அடுக்குகிறவருக்கு வேண்டியது தரை.

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே இருக்கிற குபேர் அங்காடிக்கு, ஊர்க்காரர்கள் சொல்கிற பெரிய மார்க்கெட்டுக்கு, ஞாயிறு காலை போய்வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் ஐஸ் பெட்டியில். வெங்காயமும் உருளைக்கிழங்கும் சாக்குப் பையில். தக்காளி, கீரை ஒரு கூடையில். வழியில் பேக்கரியில் வாங்கிய நீளமான பிரெஞ்சு ரொட்டி காகிதப் பையில். ஒரு அட்டை முட்டை. எல்லாம் சேர்ந்தாலும் டிக்கியில் பாதி நிரம்பாது. ஆனாலும் தரை தீர்ந்துவிடும். ரொட்டி தக்காளியின் மேலும், முட்டை சாக்குப் பையின் மேலும் ஏறும். அவற்றுக்கு மேலே ஒரு அடிக்கும் அதிகமான உயரம் சும்மா கிடக்கும். முதல் வேகத்தடையில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த உயரத்தில் இன்னொரு தரையைப் போடுவதுதான், டிக்கிக்குள் கால் ஊன்றி நிற்கும் ஒரு மரத் தட்டின் வேலை. டிக்கி பெரிதாகாது, தரை இரண்டாகும். கனமானது கீழே, நொறுங்குவது மேலே. சென்னை வரை ஈ.சி.ஆரில் 150 கிலோமீட்டர் போகிறவருக்கும், மயிலம் கோயிலுக்குச் சோற்றுப் பாத்திரத்தோடு போகிற குடும்பத்துக்கும், கல்யாண வீட்டுக்குத் தாம்பூலப் பை ஏற்றுகிறவருக்கும் இந்த இரண்டாவது தரை பயன்படும்.

ஆனால் அது கழற்றக்கூடியதாக இருந்தே ஆக வேண்டும். நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லக் காரணங்கள் பல உண்டு. டிக்கியின் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஒரு நாள் பிள்ளையின் சைக்கிளை ஏற்ற வேண்டும். ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை அழைத்து வரும்போது சக்கர நாற்காலி ஏறியாக வேண்டும். பிறகு ஸ்டெப்னி. பொலேரோ, ஈகோஸ்போர்ட் போன்றவற்றில் அது பின்கதவில் வெளியே தொங்குகிறது. ஸ்கார்ப்பியோவில் வண்டிக்கு அடியில் இருக்கிறது. கிரேட்டா மாதிரியான வண்டிகளில் டிக்கித் தரையைத் தூக்கினால்தான் கைக்குக் கிடைக்கும். மரக்காணம் தாண்டி இரவில் பஞ்சர் ஆனால், தட்டை எடுக்காமல் சக்கரத்தை எடுக்க முடியாது. ஸ்பானர் தேடித் திருகிக் கழற்றுகிற தட்டு அந்த இருட்டில் உதவாது.

வெள்ளமும் ஒரு காரணம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. தெருவில் நின்ற வண்டிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. டிக்கியின் கம்பளத்தில் ஈரம் இறங்கினால் அன்றே எல்லாவற்றையும் வெளியே எடுத்து உலர்த்த வேண்டும். அதன்மேல் அசையாத ஒரு மரச் சாமான் உட்கார்ந்திருந்தால் அடியில் ஈரம் தங்கும், பூஞ்சை பிடிக்கும், உலோகத் தரையில் துரு தொடங்கும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி உரிமையாளர் வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த கட்டமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. டிக்கியில் ஒரு தட்டு வைப்பது கட்டமைப்பு மாற்றம் ஆகாது. ஆனால் அதற்காகத் தகட்டில் துளை போடுவதும், இருக்கையைக் கழற்றி எறிவதும், வண்டியின் அடிச்சட்டத்தில் வெல்டிங் வைப்பதும் வேறு விஷயங்கள். எனவே முதல் விதியை இப்படி வைத்துக்கொள்ளலாம்: வண்டியில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. தட்டை எடுத்துவிட்டால், அது அங்கே இருந்த அடையாளமே தெரியக் கூடாது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தச் சிந்தனை பழையது. 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் வந்த சித்ரோவன் 2சி.வி. காரின் இருக்கைகளைக் கையாலேயே தூக்கி வெளியே வைக்கலாம். சந்தைக்குப் போகும்போது சாமான் இடம், ஆற்றங்கரைக்குப் போகும்போது உட்காரும் நாற்காலி. ஒரே இடம் நாளுக்கொரு வேலை செய்ய வேண்டுமானால், அதில் இருப்பது எளிதில் வெளியே வர வேண்டும்.

இனி எடையைப் பார்ப்போம். இந்த விஷயத்தில் மிகவும் பொறுப்போடு யோசிக்க வேண்டிய இடம் இதுதான். வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதி, ஒரு மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் அந்தக் கணத்தில் தன் எடையைப்போல் சுமார் பத்து மடங்கு விசையோடு முன்னே பாயும். 15 கிலோ பெட்டி 150 கிலோ ஆளாக மாறி, பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முதுகுப் பக்கம் வருகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அதே ஒரு மீட்டரில் நின்றால் இருபத்தைந்து மடங்கு; வேகம் 1.6 மடங்கானால் விசை சுமார் இரண்டரை மடங்காகிறது, ஏனென்றால் கணக்கு வேகத்தின் வர்க்கத்தில் போகிறது. மோதல்கூட வேண்டாம். மாடு குறுக்கே வந்து சட்டென்று பிரேக் பிடித்தாலே, கட்டாத மரத் தட்டு கம்பளத்தின் மேல் வழுக்கி முன்னே நகரும்.

இதிலிருந்து மூன்று முடிவுகள் வருகின்றன. தட்டும் அதன்மேல் இருப்பதும் பின் இருக்கை முதுகின் உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால், அது இருக்கைக்கு மேலாகப் பறந்து வரும். ஓட்டுநருக்குப் பின்கண்ணாடி வழியே பார்வையும் மறையும். தட்டின் முன்னோரம் இருக்கை முதுகை ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் அரை அடி இடைவெளி விட்டால், தட்டு அந்த அரை அடியில் இருக்கையைவிட வேகமாக ஓடி வந்து மோதும். மேல்தட்டில் பத்து கிலோவுக்கு மேல் வேண்டாம். கிரைண்டர், தண்ணீர் கேன், அரிசி மூட்டை எல்லாம் கீழே. கேஸ் சிலிண்டரை மேலேயும் வேண்டாம், கீழேயும் வேண்டாம், டிக்கியிலேயே வேண்டாம்.

அளவெடுப்பதில் பொறுமை தேவை. டிக்கி ஒரு பெட்டி போலத் தெரிந்தாலும் அதில் நேரான கோடு ஒன்றுகூடக் கிடையாது. சக்கர மேடு இரு பக்கமும் உள்ளே தள்ளி நிற்கும். மேலே போகப் போக பக்கச் சுவர் சாயும். இருக்கை முதுகும் சாய்ந்தே நிற்கும். டேப்பை மட்டும் நம்பினால் பலகை ஒரு மூலையில் இடிக்கும், இன்னொரு மூலையில் ஆடும். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, தட்டு எந்த உயரத்தில் வர வேண்டுமோ அந்த உயரத்தில் செங்கலோ புத்தகக் கட்டோ அடுக்கி, அதன்மேல் அட்டையை வைத்து ஓரங்களைக் கத்தரித்துக்கொண்டே வாருங்கள். அட்டை சரியாகப் பொருந்தியதும் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் குறைத்து வெட்டுங்கள். அந்த அட்டைதான் ஆசாரியிடம் கொடுக்க வேண்டிய அளவு.

அடுத்து ஒரு கண்ணி இருக்கிறது. பின்கதவின் வாய், டிக்கியின் உள் அகலத்தைவிடக் குறுகியது. அட்டை வளையும், அதனால் எப்படியோ உள்ளே போய்விடும். பன்னிரண்டு எம்.எம். பிளைவுட் வளையாது. உள்ளே அழகாகப் பொருந்துகிற பலகை வாசலில் நுழையாது என்பது இந்த வேலையில் வழக்கமாக நடக்கிற விபரீதம். அதனால் பலகையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நடுவில் நீளமான கீல் வைத்து மடிப்பதே நல்லது. பாதியாக மடித்தால் வாசலில் நுழையும். வீட்டில் கட்டிலுக்கு அடியில் வைக்கவும் வசதி. முன்பாதியை அப்படியே விட்டுவிட்டு, பின்பாதியை மட்டும் மேலே மடித்தால் அடியில் இருக்கிற ஐஸ் பெட்டியையும் எடுக்கலாம்.

சிலர் இதற்குப் பதிலாக இழுப்பறை கேட்பார்கள். வெளிநாட்டு வண்டிகளில் ஒரு மீட்டர் வெளியே வரும் இழுப்பறைகளைப் பார்த்திருப்பார்கள். திறந்த வெளியில் கூடாரம் போடுகிறவர்களுக்கு அது சரி. டெக்சஸில் மாட்டு மந்தை ஓட்டிய சார்லஸ் குட்நைட் 1866-ல் பழைய இராணுவ வண்டியின் பின்னால் அறைகள் வைத்த பெட்டியைப் பொருத்தி, அதன் மூடியைக் கீழே இறக்கிச் சமையல் மேசையாக்கினார். அவருக்குப் பின்னால் மைல் கணக்கில் வெற்று நிலம் இருந்தது. புஸ்ஸி வீதியில் வண்டியை ஓரங்கட்டிப் பின்கதவைத் திறந்தால் அடுத்த வண்டியின் பம்பர் இரண்டடியில் இருக்கும். அந்த இரண்டடியில் ஸ்கூட்டரும் நுழையும். அங்கே வெளியே நீளும் இழுப்பறைக்கு இடமே இல்லை. நம் ஊருக்குத் தட்டுதான் பொருத்தம்.

மரத்துக்கு வருவோம். புதுச்சேரியில் எந்த மரச் சாமானுக்கும் முதல் எதிரி கடல் காற்று. ஈரமும் உப்பும் சேர்ந்து வருகிற காற்று. அதோடு வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சித்திரை மாத வெப்பம் 60 டிகிரியைத் தொடும். துகள் பலகை, எம்.டி.எஃப். இரண்டும் இதற்கு ஆகாது. ஒரு முறை நனைந்தால் ஓரம் ஊதிவிடும். கடையில் 710 என்று கேளுங்கள். அது கப்பல் தர பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்குகள் பிரியாத பசை அதில் இருக்க வேண்டும். எட்டுக்கு நாலு ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 710 என்ற எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். பில்லில் எழுதிக் கொடுப்பது மட்டும் போதாது.

கனம் எவ்வளவு? வீட்டு அலமாரி செய்து பழகிய ஆசாரி சட்டென்று சொல்வார்: "பதினெட்டு போட்டுடலாம் சார், அசையவே அசையாது." அவர் சொல்வது வீட்டுக்குச் சரி. வீட்டு அலமாரியை யாரும் வாராவாரம் தூக்குவதில்லை. இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றடி நீளம், இரண்டடி அகலம் கொண்ட பன்னிரண்டு எம்.எம். பலகையை இரண்டு முனையில் மட்டும் தாங்கி, கணக்குக்காக நடுவில் 30 கிலோ வைத்தால் சுமார் ஏழு மில்லிமீட்டர் தொய்யும். பலகையின் விறைப்பு அதன் கனத்தின் கன மடங்கில் கூடும். ஆகவே பதினெட்டுக்கு மாறினால் விறைப்பு மூன்றேகால் மடங்குக்கும் மேல் ஆகும். ஆனால் பலகையின் எடை இரண்டு கிலோவுக்கு மேல் கூடிவிடும். இதே பலனை வேறு வழியில் வாங்கலாம். அதே பன்னிரண்டு எம்.எம். பிளைவுட்டில் இரண்டு அங்குல அகலப் பட்டைகள் இரண்டை வெட்டி, அவற்றைச் செங்குத்தாக நிறுத்தி, பலகையின் அடியில் முன்னோரத்தில் ஒன்று, பின்னோரத்தில் ஒன்று என்று ஒட்டிவிடுங்கள். நின்ற நிலையில் அந்த ஒரு பட்டை மட்டுமே, இரண்டடி அகலப் பலகை முழுவதற்கும் ஏறக்குறைய சமமான விறைப்பு கொண்டது. இரண்டு பட்டை சேர்ந்தால் தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கூடும் எடை முக்கால் கிலோ. நான் இந்த விஷயத்தில் அடித்துச் சொல்வேன்: கனத்தைக் கூட்டாதீர்கள், பட்டையை நிறுத்துங்கள். மடக்குகிற தட்டு என்றால் கீல் நீளவாக்கில், பட்டைகளுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே வெட்டினால் பட்டையும் அறுபடும், விறைப்பும் போய்விடும். அப்படி நீளவாக்கில் பிரிக்கும்போது வெட்டிய ஓரத்துக்கும் ஒரு பட்டை கொடுத்துவிடுங்கள்.

பலகையும் இரண்டு பக்கக் கால்களும் பட்டைகளும் சேர்ந்து பதின்மூன்று சதுர அடிக்குள் முடியும். பன்னிரண்டு எம்.எம்.மில் அது பத்து கிலோ. ஷீட்டில் பாதிக்கும் குறைவுதான். பத்து கிலோ என்பது வீட்டில் யாரும் தனியாகத் தூக்கக்கூடிய எடை. அதைத் தாண்டினால் தட்டு கழற்றக்கூடியதாகப் பெயருக்கு இருக்கும். ஆனால் யாரும் கழற்ற மாட்டார்கள்.

அலுமினியத்திலும் செய்யலாம். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் ஃபேப்ரிகேஷன் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு அங்குலச் சதுரக் குழாயில் சட்டம் அடித்தால் மீட்டருக்கு நானூறு கிராம்கூட வராது. இரும்பில் அதே குழாய் மூன்று மடங்கு எடை. ஆனால் அலுமினியத்தையும் எவர்சில்வர் ஸ்க்ரூவையும் நேராகச் சேர்த்தால் உப்புக் காற்றில் அலுமினியம் அரிக்கும். நடுவில் நைலான் வாஷர் போட்டாக வேண்டும். என் விருப்பம் பிளைவுட்தான். ஓரம் வீட்டில் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கலாம், இடித்தால் வண்டியின் பிளாஸ்டிக்கைக் கீறாது, ஓட்டத்தில் கணகணக்காது.

இணைப்பில்தான் ஆசாரியின் கைத்திறன் தெரியும். காலையும் பலகையையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் அது ஒரு மேசை. கழற்றிப் போடும் தட்டுக்கு வேண்டியது காடி. பக்கக் காலின் மேல்விளிம்பில், பட்டை உட்காரும் இடங்களில், இரண்டு அங்குல ஆழத்துக்குப் பன்னிரண்டு எம்.எம். அகலக் காடி எடுக்க வேண்டும். பலகையை மேலிருந்து இறக்கினால் பட்டைகள் காடிகளில் விழும். பலகை முன்னும் பின்னும் நகராது. பாரம் ஏற ஏற பிடிப்பும் இறுகும். பலகை மேலே துள்ளாமல் இருக்க மட்டும் பக்கத்துக்கு ஒரு போல்ட், கையால் திருகும் இறக்கை நட்டோடு. கருவி எதுவும் வேண்டாம். காடி மிக இறுக்கமாக இருந்தால் மழைக்காலத்தில் மரம் உப்பி மாட்டிக்கொள்ளும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

ஸ்க்ரூ, கீல், போல்ட் மூன்றும் எவர்சில்வரில் இருக்கட்டும். பளபளக்கும் துத்தநாகப் பூச்சு ஸ்க்ரூ கடற்கரை ஊரில் சீக்கிரமே செம்பழுப்பாகிவிடும். 304 தரம் போதும். கடற்கரையை ஒட்டி வீடு என்றால் 316 வாங்குங்கள், அதில் உள்ள மாலிப்டினம் உப்பைத் தாங்கும். சாதாரண வெள்ளை ஃபெவிகால் வண்டிச் சூட்டில் இளகும். நீர் தாங்கும் மெரைன் வகையைக் கேளுங்கள். பூச்சைப் பொறுத்தவரை மேல்பரப்பைவிட வெட்டிய ஓரங்களே முக்கியம். தண்ணீர் நுழைவது அங்கேதான். ஓரத்துக்கு ஒரு கோட் கூடுதலாகவே அடிக்கச் சொல்லுங்கள். மேலே மைகா ஒட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சாமான் வழுக்கும். அதைவிட ரப்பர் மேட் போடுவது மேல். வேலை முடிந்ததும் சில நாள் திண்ணையில் காற்றாட வையுங்கள். பிளைவுட் பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு வாயு மூடிய வண்டியின் சூட்டில் அதிகமாகும். குழந்தைகள் ஏறும் வண்டியில் அந்தக் காரத்தை அடைத்து வைக்க வேண்டாம்.

கால்களின் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுங்கள். கீச்சுச் சத்தமும் நிற்கும், வழுக்கலும் குறையும். ஆனால் ரப்பரை நம்பி மட்டும் விடக் கூடாது. பெரும்பாலான எஸ்.யு.வி.களில் டிக்கித் தரையின் ஓரங்களில் சாமான் கட்டுவதற்கென்றே கொக்கிகள் உண்டு. ஒரு அங்குல ராட்செட் பட்டையால் தட்டின் கால்களை அந்தக் கொக்கிகளோடு இறுக்குங்கள். பின்பக்கக் கொக்கியிலிருந்து வரும் பட்டைதான் தட்டு முன்னே பாயாமல் பிடிக்கிறது. முன்பக்கத்தை மட்டும் கட்டிவிட்டுப் போதும் என்று இருந்துவிடாதீர்கள். மேலே வைக்கும் சாமானுக்கு ஒரு வலை. பிளாஸ்டிக் அலங்காரக் கொக்கிகளில், பை தொங்கவிடும் வளையங்களில் கட்ட வேண்டாம். அவை ஒரு காய்கறிப் பையின் எடைக்கு மேல் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல.

ஆசாரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை வையுங்கள். அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, வீட்டில் யார் அந்த வண்டியை அதிகம் பயன்படுத்துகிறாரோ அவர் தனியாக, கருவி இல்லாமல், தட்டைக் கழற்றி வெளியே எடுத்து, ஸ்டெப்னி மூடியைத் திறந்து, மறுபடி மாட்டிக் காட்டட்டும். இரண்டு பேர் வேண்டியிருந்தாலோ, ஸ்பானர் கேட்டாலோ, வாசலில் இடித்தாலோ, அதை அங்கேயே திருத்தித் தரச் சொல்லி வாங்குங்கள்.